காயாத சேலையும் ஈரத் திரியும்

இன்று காலை எட்டே காலுக்கு எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஒரு டெலிவரிக்காரர் மீன் பெட்டியோடு ஏறினார். நாலு பக்கமும் டேப் ஒட்டிய பெட்டிதான். ஆனாலும் ஒரு மூலையில் நீர் கசிந்திருந்தது. என்னோடு நின்ற ஆறாம் மாடிப் பெண்மணி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார். நான் மட்டும் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். நாவலூரில் இப்படியும் ஒரு பிறவியா என்பதுபோல் அவர் பார்த்தார். ஐஸுக்கு ஏது வாசனை என்று நீங்கள் கேட்கலாம். மீனோடு மூன்று மணி நேரம் கிடந்த ஐஸுக்கு உண்டு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் நனைந்த சாக்கு. அது என்னை ஏழாம் மாடியில் இறங்கவிடாமல் பன்னிரண்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இறங்கிப் படியேறி, இல்லை, படியிறங்கி வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். மணி எட்டு நாற்பது.

மணியைச் சொல்லாமல் இவனால் ஒரு பத்தி எழுத முடியாதா என்றால், முடியாது. பழக்கம் அப்படி. எனக்கு இருபத்து மூன்று வயதானபோது ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், தாம்பரம் வேளச்சேரி சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். டோக்கன் கொடுப்பது, நோட்டில் பெயரும் நோவும் எழுதுவது, ஊசிக்கு அழும் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாக பஸ் காட்டுவது, இந்த மூன்றும் என் பொறுப்பு. முதல் மாதமே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். காய்ச்சல் பார்ப்பதல்ல, சுவரில் மாட்டுவது. மாடிப்படி முடியும் இடத்தில், வெயில் நேராகப் படாத தூணில் அதை மாட்டி, ஒரு நாளைக்கு மூன்று முறை பார்த்து டைரியில் எழுதினேன். கூடவே கடல் காற்று வந்த நேரம். கோடையில் எங்கள் பக்கத்துக்குக் கடல் காற்று பகல் ஒரு மணியை ஒட்டி வரும். வந்தால் என் மேசையில் இருக்கும் டோக்கன் சீட்டுகள் பறக்கும். சீட்டு பறந்ததும் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நோயாளிகள் குனிந்து சீட்டு பொறுக்குவார்கள். அறையில் என்னோடு தங்கியிருந்தவன் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்: "இன்னா மச்சான், இன்னிக்குக் காத்து எத்தன மணிக்கு பஞ்ச் அடிச்சிச்சு?"

கிளினிக் நோட்டும் ஒரு டைரிதான், என்ன, அதில் ஊரே இருக்கும். நான் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா சொன்னார், "ஐப்பசி, கார்த்திகை மட்டும் லீவு கேட்காதீங்க. டெங்கு சீசன்." நான்கு வருடம் கழித்து அவரே சொன்னார், "எந்த மாசம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எல்லா மாசமும் ஒண்ணாயிடுச்சு." மழைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காய்ச்சல் தை தாண்டியும் வந்தது, பங்குனியிலும் வந்தது. சூடு கூடினால் முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஆகும் நாள் குறையுமாம். நமக்குத்தான் வெயிலில் சோம்பல், அதற்கு அவசரம். சித்திரை பிறந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். எல்லாம் சிறுநீரகக் கல். நோட்டில் "கல்" என்று எழுதி எழுதி என் கையெழுத்தில் அந்த இரண்டு எழுத்து மட்டும் இன்றும் அழகாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் "கல்" என்று எழுதப்பட்டவர்தான் தேசம்மா.

எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு அடியில் கோவளத்திலிருந்து வரும் ஆறு பெண்கள் மீன் விற்றார்கள். விடியுமுன் படகிலிருந்து எடுத்து, பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து எட்டு மணிக்கு வந்து உட்கார்வார்கள். மூன்று மணிக்குப் போவார்கள். அவர்களில் மூத்தவர் தேசம்மா. ஐம்பதை நெருங்கிய வயது, அகலமான கை, எதிர்ச்சாரி டீக்கடைக்கும் கேட்கும் குரல். வஞ்சிரம் கேட்டுவிட்டு நெத்திலி வாங்குகிறவர்களை ஜாடையாலேயே ஓட்டுவார். நான் படியேறும்போது தினமும் ஒரே கேள்வி.

"டோக்கன் தம்பி, இன்னிக்கி எவ்ளோ?"

"முப்பத்தொம்பது போகும்க்கா."

"போவட்டும். எம்மீனு ஐஸ்ல கீது. நாந்தான் வெளிய கீறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிய இரண்டு கோடை ஆயிற்று.

வலியோடு அவர் மாடியேறி வந்த அன்று டாக்டரம்மா ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"காலீல டீ. வழில ஒரு வாய். அப்பால வூட்டுக்குப் போய்த்தான்."

"எட்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் இந்த வெயில்ல ஒண்ணுமே குடிக்கறதில்லயா? ஏன்?"

தேசம்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். "குடிச்சா எங்க போறது டாக்டரம்மா? நீங்களே ஒரு எடம் காமிங்க, இப்பவே ஒரு பானத் தண்ணி குடிக்கிறேன்."

ஆறு பெண்களுக்கும் அதுதான் வழக்கம். வியாபாரத்துக்கு வருகிற நாளில் தாகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது. புதிதாக வருகிறவளுக்கு முதலில் மீன் அரியச் சொல்லித் தருவார்கள், அடுத்து நாக்கை நனைத்துத் துப்பச் சொல்லித் தருவார்கள். முன்பெல்லாம் இது தாங்கியது. சாலையை அகலப்படுத்த புங்க மரங்கள் போனபின், கத்திரி வெயில் கத்திரியோடு நிற்காமல் முன்னும் பின்னும் நீண்டபின், உடம்பு தாங்கவில்லை. தேசம்மா போன கோடையில் ஒரு முறை மயங்கி விழுந்திருந்தார். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: "கல்லு ஒரு பக்கம் இருக்கட்டும். கிட்னி சுருங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு வாட்டி வெயில்ல விழுந்தீங்கன்னா டயாலிசிஸ்ல போய் நிக்கும். தண்ணி குடிக்கணும். இல்லன்னா யாவாரத்த விடணும்."

"யாவாரத்த வுட்டுட்டு இன்னா பண்றது? கடல எண்ணிகினு கீறதா?"

கட்டடத்தின் பின்புறம் ஒரு கழிவறை இருந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும். கிளினிக்குக்கும் தனியாக ஒன்று கிடையாது, அதற்குத்தான் நாங்களும் இறங்கிப் போகவேண்டும். எங்களிடம் ஒரு சாவி இருந்தது. டாக்டரம்மா கண்ணைக் காட்ட, அதை நான் தேசம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் காலை கட்டட உரிமையாளர் ஏகாம்பரம் மாடிக்கு வந்தார். அந்தச் சந்திப்பைச் சுற்றி ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் விளைத்தது. நான் சேர்ந்த காலத்தில் கீழ்த்தளத்தில் சிமென்ட், கம்பி வியாபாரம். கல்ஃப் சென்ட் வாசனையும் வெள்ளை வேட்டியுமாக இருப்பார். உள்ளங்கையை விரித்தார். அதில் வெள்ளிக்காசுபோல ஒரு மீன் செதில்.

"இது உங்க பேஷன்ட்டோடதா தம்பி?"

நான் டோக்கன் சீட்டுகளை அடுக்கினேன்.

"பாத்ரூம் டெனன்ட்டுக்குத்தான். அந்த நாத்தம் வந்துட்டா எவன் வாடகைக்கு வருவான்? நானும் பொறுத்துகினுதான் கீறேன்." மதியத்துக்குள் பூட்டு மாறியது. டாக்டரம்மாவுக்குப் புது சாவி வந்தது, யாருக்கும் தருவதில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு. தேதியோடு கையெழுத்துப் போட்டேன். தேதி போடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

இனி நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். தேதி வாரியாக எல்லாம் எழுதுகிறவன் இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

கத்திரி தொடங்கிய வாரம். செவ்வாய்க்கிழமை என் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. மேற்கிலிருந்து உலர்ந்த காற்று, முகத்தைத் தோசைக்கல் பக்கம் கொண்டுபோனது போல. தேசம்மா சமாளித்தார். வியாழக்கிழமை காலை லேசான மேகம், இலை அசையவில்லை. பத்து மணிக்கு அவர் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு மாரி கீது தம்பி, கெளம்பறேன். இன்னிக்கி எவ்ளோ?"

நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன். "முப்பத்தேழுதான்க்கா! செவ்வாய்க்கிழமைய விட நாலு கம்மி. தைரியமா உக்காருங்க."

"நீ சொன்னா சரி" என்று கூடையை அவிழ்த்தார்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தராசு கீழே விழும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினோம். தேசம்மா படியில் சாய்ந்து கிடந்தார். சேலை பிழியலாம்போல நனைந்திருந்தது, உடம்பு கொதித்தது. டாக்டரம்மா மீன் பெட்டியிலிருந்த ஐஸை அள்ளிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். மற்ற ஐந்து பேரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அன்று டைரியில் கடல் காற்று நேரம் எழுதும் இடம் காலியாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தார். கிளினிக்குக்கு வந்து, டாக்டரம்மா முன்னாலேயே, கோபமில்லாமல் என்னிடம் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "அன்னிக்கி விடியகால கொடில சேல காயவே இல்ல தம்பி. ராவெல்லாம் காத்துல கெடந்தும் ஈரமாவே கீது. எங்க வூட்டுக்காரரு, 'இன்னிக்கி கரையிலயே இரு, போவாத'ன்னாரு. எனக்கும் தெரியும். ஆனா நீ நம்பரு சொல்ற, நோட்டுல எழுதிகினு கீற. சேலயா பெருசு, நோட்டா பெருசு?"

டாக்டரம்மா சொன்னார், "வேர்வை வந்தா மட்டும் போதாது. அது காயணும். காஞ்சாத்தான் உடம்பு ஆறும். சேலையே காயாத காத்துல வேர்வை எப்படிக் காயும்?"

அன்று மாலை நூலகத்தில் வானிலை பற்றிய ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். சூட்டை மட்டும் அளப்பது பாதி வேலை, ஈரத்தையும் சேர்த்து அளக்க இரண்டாவது தெர்மாமீட்டரின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றவேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. மறுநாளே செய்தேன். விளக்குத் திரியைக் குமிழில் சுற்றி, அதன் வாலை ஒரு ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் விட்டேன். திரியிலிருந்து தண்ணீர் காயக் காய அந்த முள், அதாவது பாதரசம், இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் இறங்காது. பக்கத்தில் இருக்கும் உலர்ந்த தெர்மாமீட்டர் என்ன காட்டினால் என்ன, ஈரத் திரி மேலேயே நின்றால் ஆபத்து.

எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்பதை எங்கள் படிக்கட்டுக்கு நாங்களேதான் கண்டுபிடித்தோம். தேசம்மா தினமும் வந்ததும் சேலை நிலவரம் சொல்வார். "காஞ்சிச்சு." "பாதி." "இன்னிக்கி சுத்தம், பிழியலாம்." நான் அதை ஈரத் திரி காட்டுவதற்குப் பக்கத்தில் எழுதுவேன். மூன்று வாரத்தில் கோடு தெரிந்தது. அந்த இடத்தில் தெர்மாமீட்டர் மேல் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். நூலைத் தாண்டினால் கூடையைக் கட்டுவது, வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குப் பக்கத்துத் தெருக்களில் விற்பது என்று ஆறு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள். அப்படியும் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்க வழியில்லை. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ரத்த அறிக்கையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார்.

கத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் வெயில் குறையவில்லை. வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். காலையில் தேசம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார், "பிழியலாம் தம்பி." பதினொன்றுக்கெல்லாம் ஈரத் திரி நூலைத் தாண்டியது. நான் படியிலிருந்து குரல் கொடுத்தேன். பெண்கள் கூடையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு, பட்டுச் சட்டை மாற்றாமல், லாரியில் வந்த சிமென்ட் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்னா தேசம்மா, கண்ணாடிக் குச்சி சொல்லிச்சுன்னு கடைய மூடிட்டியா?"

"ஆமாண்ணா. நீயும் நெழலுக்குப் போ. கண்ணு செவந்து கீது."

"நான் சேத்துல நின்னவன். எனக்கு வெயில் சொல்லித் தரியா?"

மூட்டை எண்ணிக்கொண்டே இருந்தவர் எண்ணிக்கை தவறினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு லாரிக்காரரைப் பார்த்து, "டேய், மடையத் தொற, பயிரு காயுது" என்றார். லாரிக்காரர் சிரித்தார். ஏகாம்பரம் சாலைப் பக்கம் கையை நீட்டி, "மாடு எங்கடா, மாட்ட அவுத்து வுட்டது யாரு" என்று கத்தினார். சாலையில் பஸ்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தேசம்மாவுக்குப் புரிந்தது. அவர் எழுந்து இரண்டு அடி வைப்பதற்குள் ஏகாம்பரம் முழங்கால் மடிந்து விழுந்தார். பதினொன்று இருபது.

கூட்டம் கூடியது. ஒருவர் சோடா என்றார், ஒருவர் வலிப்பு, சாவிக்கொத்து கொடுங்கள் என்றார். "தள்ளுங்கடா!" என்ற அந்தக் குரலைத் தாம்பரமே கேட்டிருக்கும். தேசம்மா ஏகாம்பரத்தின் மார்பில் கை வைத்துப் பார்த்தார். பட்டுச் சட்டையை இரண்டாகக் கிழித்தார். தன் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி அப்படியே அவர்மேல் கவிழ்த்தார். ஐஸும் சங்கராவும் கவளையும் கலங்கிய நீரும் அந்த வெள்ளை வேட்டிமேல் கொட்டின. மற்ற ஐந்து பெட்டிகளும் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. அன்று விற்காமல் இருந்த மீன் மொத்தமும் ஒரு மனிதர்மேல் கிடந்தது.

"ஐயோ, மீனெல்லாம் எடுங்க" என்று ஏகாம்பரத்தின் தம்பி பதறினார்.

படியில் இறங்கி வந்த டாக்டரம்மா அதட்டினார், "மீன எடுங்க. ஐஸ ஒருத்தரும் தொடாதீங்க!"

தேசம்மா நெற்றியில் ஐஸைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "எயிந்திரிண்ணா. எயிந்து என்னியத் திட்டு. திட்டு, கேட்டுக்கறேன்." ஆம்புலன்ஸ் வருமுன் ஏகாம்பரம் கண் திறந்தார். எதிரில் முதலில் தெரிந்தது எது என்று எனக்குத் தெரியும். அவர் மூக்குக்கு நேராக ஒரு சங்கரா மீன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அந்தச் சில நிமிடம்தான் காப்பாற்றியது, அதே ஐஸ் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் மூளை போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. பதினாறாம் நாள் ஏகாம்பரம் மெலிந்து, கைத்தாங்கலாகப் படிக்கட்டுக்கு வந்தார். ஆறு பெண்களும் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.

"மூணு சோப்பு கரைஞ்சிடுச்சு தேசம்மா. இன்னும் நாத்தம் போவல."

"நாத்தம் கீதுன்னு பேஜாராவாத. நீ கீற இல்ல?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு, "டாக்டரு எனக்குத் தண்ணி குடிக்கச் சொல்றாங்க. நீங்கள்லாம் ஏன் குடிக்கறதில்லன்னு என் சம்சாரம் நேத்து கேட்டா. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார். அவரே கட்டடத்தின் பின்புறம் போனார். சாவி கொண்டுவந்து கொடுப்பார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கையில் பூட்டும் தாழ்ப்பாளும் ஸ்க்ரூவோடு இருந்தன. "இனிமே உள்பக்கம்தான் தாப்பா" என்றார்.

தேசம்மா என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார். கடை வாசலில், நட்ட நடுப் பகலில், எல்லோரும் பார்க்க, தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை ஐந்து பெண்களும் எண்ணினார்கள். பாட்டில் காலியானதும் அவர்கள் போட்ட கூச்சலுக்கு, தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று நினைத்து ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது மீசைபோல உதட்டில் நின்ற நீரைத் துடைக்கவில்லை. "மீனுக்கு மட்டுந்தான் தண்ணியா? நமக்கும்தான்டி!" என்றார். அடுத்த கோடையில் அந்தப் படிக்கட்டில் ஒருவரும் விழவில்லை. அதற்கடுத்த கோடை இன்னும் கொடுமை, அதிலும் விழவில்லை. டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் சொல்கிறேன்.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. இடித்து, ஐந்து மாடி எழும்பி, கண்ணாடி மாட்டி நிற்கிறது. ஏகாம்பரம் நன்றாக வாழ்ந்து, தூக்கத்தில் போனார். டாக்டரம்மா மகளோடு வெளிநாட்டில். கத்திரிக்கு முன்னும் பின்னும் இருந்த நல்ல நாட்கள் இல்லை, பங்குனியிலேயே தார் இளகுகிறது. காய்ச்சலுக்கு மாதமே இல்லாமல் போயிற்று. இப்படிப் போனவற்றுக்காகப் பெருமூச்சு விடலாம், நானும் விடுகிறவன்தான். ஆனால் போய்த் தொலைந்ததற்காகக் கொண்டாட வேண்டியதும் ஒன்று உண்டு.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் போனேன். புதுக் கட்டடத்தின் பக்கவாட்டில், ஏகாம்பரத்தின் மகன் ஒரு கழிவறையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்த கூரையின் கீழ் தேசம்மா உட்கார்ந்திருந்தார். தலை வெளுத்துவிட்டது, குரல் அப்படியே. கிட்னி எப்படி என்று கேட்டேன். "அது பாட்டுக்கு ஓடினு கீது" என்றார். பக்கத்தில் அவர் மருமகள், வியாபாரத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம், ஒரு கையால் சங்கராவுக்குச் செதில் உரசிக்கொண்டு, மறு கையால் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பழைய கதையை எடுத்தேன். காலையிலிருந்து மூன்று மணி வரை ஒரு சொட்டு இல்லாமல் ஆறு பேர் இங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்றேன்.

அவள் பாட்டிலை இறக்கிவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறேனா என்று மாமியாரைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்காமயா? ஏன்?"

தேசம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று நினைத்ததுபோல் கத்தியைத் தீட்டினார். அவளுக்கு அது விளங்கவே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் விளங்காது.